இண்டு இடுக்குகளின் கணக்கு: ஆழமற்ற தீவுக் கடலில் ஒளிந்து வாழும் உயிர்களைத் தேடும் முறை

புதிதாகக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே விலங்குகளின் பெயர்ப் பட்டியலை நான் கொடுப்பதில்லை. வெறும் தாளைக் கொடுத்து, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் விரல் நுனி அளவுள்ள ஒரு நண்டு ஒளிந்துகொள்ள எத்தனை வகையான இடங்கள் இருக்கின்றன என்று எழுதச் சொல்கிறேன். பெரும்பாலோர் "கல்லுக்கு அடியில்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். திரும்பவும் குனியச் சொல்வேன். கல்லின் அடிப்பக்கம் ஓர் இடம். அந்தக் கல் உட்கார்ந்திருக்கும் தரை இன்னோர் இடம். உயிருள்ள பவளத்தின் கிளைகளுக்கு நடுவே, செத்த பவளத் துண்டின் உள்ளே, கடற்பஞ்சின் துளைகளில், பாசிக் கொத்தின் அடியில், கடற்புல்லின் தண்டோரம், கடல் முள்ளெலியின் முட்களுக்கு இடையே, கடல் அட்டையின் வயிற்றுப் பக்கம், காலிச் சங்குக்குள், மணலுக்குள் என்று அரை மணி நேரத்தில் தாள் நிறைந்துவிடும்.

இந்தத் தாள்தான் மொத்த வேலைக்கும் அச்சாணி. ஒவ்வோர் இடத்திலும் குடியிருப்போர் வேறு, அவர்களை வெளியே கொண்டுவரும் வழியும் வேறு. கற்களை மட்டும் புரட்டிவிட்டு "இந்தத் தீவின் நண்டுகள்" என்று பட்டியல் போடுகிறவர் உண்மையில் அந்தத் தீவின் கல்லடி நண்டுகளைத்தான் பட்டியலிட்டிருக்கிறார். பவளக் கிளைக்குள் இருப்பவையும் மணலுக்குள் இருப்பவையும் அதில் வராது. அவை தீவில் இல்லை என்று பிறகு யாராவது எழுதிவிடுவார்கள்.

எவ்வளவு விட்டுப்போகும் என்பதற்கு இரண்டு எண்களைச் சொல்கிறேன். 2002-ல் பிலிப் பூஷேயும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், நியூ கலிடோனியாவின் மேற்குக் கரையில் 295 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் சங்கு, சிப்பி போன்ற 2,738 மெல்லுடலி இனங்கள் பதிவாயின. அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரே ஒரு மாதிரிதான் கிடைத்தது. 2011-ல் வெளியான வேறோர் ஆய்வு, இந்தியப் பெருங்கடல், பசிபிக், கரீபியன் பவளத்திட்டுகளிலிருந்து எடுத்த செத்த பவளக் கொத்துகளையும் அவற்றைப் போன்ற செயற்கைக் கூடுகளையும் பிரித்துப் பார்த்தது. மொத்தப் பரப்பு 6.3 சதுர மீட்டர். ஓர் அறையின் தரையைவிடச் சிறிய அந்தப் பரப்பில் நண்டு, இறால் போன்ற 525 ஓட்டுடலி இனங்கள் இருந்தன. நீந்திப் போகிறவரின் கண்ணில் இவற்றில் பெரும்பாலானவை படவே படா.

அனுமதியும் வற்றமும்

அனுமதி இல்லாமல் கல்லைக்கூடத் தொடாதீர்கள். கடினப் பவளங்கள் அனைத்தும், பெருஞ்சிப்பிகள் அனைத்தும், கடல் அட்டைகளில் சில இனங்களும் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது பவளத்துக்குள் இருக்கும் புழுவாக இருந்தாலும், எல்லை கடக்கும்போது கையில் இருப்பது பவளம்தான். மரபணு ஆய்வுக்காகத் திசு எடுப்பதென்றால் 2014-ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின் கீழ் அந்த நாட்டின் ஒப்புதலும் தேவைப்படலாம். இந்தத் தாள்கள் கைக்கு வர ஆகும் காலத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் பயணத் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

நீர் நன்றாக வற்றும் நாட்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும். பல இடங்களில் ஓரிரு நாள் தள்ளியே வற்றம் அடிமட்டத்தைத் தொடும். ஓத அட்டவணையைப் பார்க்கும்போது எவ்வளவு வற்றும் என்பதோடு எப்போது வற்றும் என்பதையும் பாருங்கள். ஆண்டின் சில மாதங்களில் ஆழமான வற்றம் நள்ளிரவில் வரும். அடிமட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கி, விலகும் நீரின் பின்னாலேயே கடல் பக்கம் நடந்து, நீர் திரும்பத் தொடங்கியதும் கரை நோக்கி வேலை பார்த்துக்கொண்டே வர வேண்டும். தீவுகளில் ஒரு சூழ்ச்சி உண்டு. திட்டின் வெளி விளிம்பு மேடாகவும், அதற்கும் கரைக்கும் நடுவே உள்ள வாய்க்கால் பள்ளமாகவும் இருக்கும். நீங்கள் விளிம்பில் கணுக்கால் நீரில் நின்றுகொண்டிருக்கும்போதே பின்னால் வாய்க்கால் இடுப்பளவுக்கு நிறைந்துவிடும். குழுவில் ஒருவருக்குக் கடிகாரத்தைப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். அவர் "போதும்" என்றால் கையில் என்ன இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

கையை எங்கே விடக்கூடாது

கூம்பு வடிவச் சங்கு எதையும் கையால் எடுக்க வேண்டாம். அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள். அதன் குழல் நீண்டு வளையும், அதிலிருந்து வரும் நஞ்சு ஈட்டி மெல்லிய கையுறையைத் துளைக்கும். ஜியாகரஃபஸ் என்ற கூம்புச் சங்கு மனிதர்களைக் கொன்றிருக்கிறது. அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. நீல வளைய ஆக்டோபஸ் காலிச் சங்கிலும் போத்தலிலும் ஒடுங்கியிருக்கும். அதன் உமிழ்நீரில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. கடியோ வலிக்காது, மூச்சுத்தான் நின்றுபோகும். ஆகவே, காலிச் சங்கை உள்ளே பார்க்காமல் சட்டைப் பையில் போடக்கூடாது. உடலெங்கும் சிறு பூக்களை விரித்ததுபோல் தெரியும் முள்ளெலி, வெள்ளை மயிர் அடர்ந்த தீப்புழு, இறகுபோல் நிற்கும் கொட்டும் ஹைட்ராய்டு ஆகியவற்றைப் புகைப்படத்தில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். காலுக்குத் தடித்த அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். கல்மீன் மிதிபடும்வரை கல்லாகவே இருக்கும்.

கல்லைப் புரட்டுவது

எந்தக் கல்லைப் புரட்டுவது என்பதைக் கல்லின் அழகு முடிவு செய்யக்கூடாது. அளவு நாடாவை 25 மீட்டருக்கு விரித்து, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டருக்குள் வரும் கற்களில் நீளவாக்கில் 20 முதல் 40 செ.மீ. வரை உள்ளவற்றை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். எந்த விதி என்பது முக்கியமில்லை. ஒரு விதி இருக்க வேண்டும், அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். மணலில் பாதி புதைந்து, தூக்கினால் கறுப்பு மண்ணும் அழுகிய முட்டை வாடையும் வரும் கல்லுக்கு அடியில் உயிர்வாயு இருக்காது, உயிர்களும் குறைவு. வேறு கற்களின் மேல் உட்கார்ந்து, அடியில் நீர் ஓட இடைவெளி உள்ள கல்தான் வளமானது. விதிப்படி இரண்டு வகையும் வந்தால் இரண்டையும் புரட்டி, எந்த வகை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். கிளம்பும் கலங்கல் உங்களை விட்டு விலகிப் போகும். கல்லின் எதிர் விளிம்பைப் பிடித்து, கல்லை உங்களை நோக்கிச் சாய்த்துத் தூக்குங்கள். அடியில் விலாங்கோ மாண்டிஸ் இறாலோ இருந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவே கல் நிற்கும். தூக்கியதும் முதல் பத்து விநாடிகளுக்குக் கல்லைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். ஓடக்கூடியவை அப்போதுதான் ஓடும். சொடுக்கு இறால் பின்னோக்கித் துள்ளும். நொறுங்கு நட்சத்திரம் ஒரு கரத்தை முன்னே நீட்டி, பக்கத்துக் கரங்களால் துடுப்புப் போட்டுக்கொண்டு அடுத்த இருட்டை நோக்கிப் போகும். கூட இருப்பவர் இவற்றை உரக்கச் சொல்ல, மூன்றாமவர் எழுத வேண்டும். தலையைக் குனிந்து எழுதுகிறவர் எதையும் பார்த்திருக்க மாட்டார்.

பிறகு கல்லின் அடிப்பக்கம். பீங்கான் நண்டைக் கவனித்துப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. சில்லுக்காசு போலத் தட்டையான உடல். கல்லைச் சாய்க்கச் சாய்க்க அது பக்கவாட்டில் வழுக்கி, எப்போதும் உங்களுக்கு மறுபக்கத்திலேயே இருக்கும். கண்ணில் பட்டதும் நடக்கும் கால்களை எண்ணுங்கள். மூன்று ஜோடிதான் தெரியும், நான்காவது ஜோடி சின்னதாக மடிந்து உடலோடு ஒட்டியிருக்கும். உண்மையான நண்டுக்கு நான்கு ஜோடி தெளிவாகத் தெரியும். நீண்ட உணர்கொம்பும் அதைக் காட்டிக்கொடுக்கும். அதன் கவ்வுகாலைப் பிடித்து இழுத்தால் காலை உங்கள் கையில் விட்டுவிட்டு அது போய்விடும். ஆகவே, மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை உடலுக்கு அடியில் நுழைத்துத் தள்ளி எடுங்கள். தட்டைப்புழுவுக்கும் இதே அட்டைதான். இடுக்கி பட்டால் அது கிழிந்து கூழாகிவிடும்.

ஓடுபவை முடிந்தபின் ஊர்பவை: சோவி, எட்டு ஓடுகளை அடுக்கிய கைட்டன், ஓடற்ற கடல் நத்தை. சோவி அசையாமல் ஒரே இடத்தில் அமர்ந்திருந்தால் அடியில் முட்டைக் கூடுகள் இருக்கலாம், அதை நகர்த்தாதீர்கள். கடைசியாக ஒட்டிக்கொண்டிருப்பவை. கடற்பஞ்சு, பை போன்ற உடலுள்ள அசிடியன், சிற்றுயிர்க் கூட்டமான பிரையோசோவன் எல்லாம் வண்ணப்பூச்சு போலப் படர்ந்திருக்கும். இவற்றைத் தனித்தனியாக எண்ண முடியாது. 10 செ.மீ. சட்டகத்தை வைத்து நேர் மேலே இருந்து படமெடுத்து, மூடியிருக்கும் பரப்பை விழுக்காட்டில் பிறகு கணக்கிடலாம்.

இனி, என் கோபத்துக்குரிய விஷயம். கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடிப்பக்கத்தில் இருட்டில் வளர்ந்த கடற்பஞ்சும் அசிடியனும் வெயிலிலும் வண்டலிலும் மீன்களின் வாயிலும் அழிந்துபோகும். மேற்பக்கத்துப் பாசி வெளிச்சமின்றி அழுகும். ஒரே புரட்டலில் இரண்டு குடியிருப்புகள் காலி. தரையில் இருப்பவற்றை ஒதுங்கவிட்டு, ஒரு விளிம்பை முதலில் தரையில் வைத்து, மறு விளிம்பை மெல்ல இறக்கி, பழைய குழியிலேயே பழைய பக்கம் கீழாக வையுங்கள். எப்படி இருந்தது என்பது மறந்துபோகும் என்று தோன்றினால் தூக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு நேரமில்லை என்கிறவரை நான் அடுத்த வற்றத்துக்கு அழைப்பதில்லை.

சல்லியை உடைப்பது

நீரில் தலையை அமிழ்த்தினால் காய்ந்த சுள்ளி எரிவதுபோல் படபடவென ஒரு சத்தம் கேட்கும். அது சொடுக்கு இறால்களின் சத்தம். கவ்வுகால் மூடும் வேகத்தில் நீரில் உருவாகும் குமிழி நொறுங்கும்போது எழுகிறது. சத்தம் இவ்வளவு பக்கத்தில் கேட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படாததற்குக் காரணம், அவற்றில் பெரும்பங்கு சல்லிக்குள், அதாவது செத்த பவளத் துண்டுகளுக்குள், இருப்பதுதான். அனுமதி இருந்து நேரம் குறைவாக இருந்தால், நான் மற்ற வேலைகளைக் குறைத்துக்கொண்டு இதைத்தான் செய்வேன். சிரமத்துக்கு ஈடாகக் கிடைப்பது இங்கேதான் அதிகம்.

உயிருள்ள திசு எதுவும் இல்லாத துண்டுகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். போசிலோபோரா போன்ற கிளைப் பவளத்தின் செத்த கொத்து, தீவுக்குத் தீவு ஒப்பிட ஏற்ற அலகு. நீருக்கடியிலேயே மெல்லிய வலைப்பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டுத்தான் மேலே தூக்க வேண்டும். கையில் அப்படியே தூக்கினால் பாதிப்பேர் வழியிலேயே குதித்துவிடுவார்கள். அளவைக் கணக்கிட விளிம்புவரை நிரப்பிய வாளியில் துண்டை இறக்கி, வழிந்த நீரைப் பிடித்து அளந்தால் போதும்.

துண்டுகளைக் கடல்நீர் வாளியில் நிழலில் வைத்துச் சில மணி நேரம் சும்மா விடுங்கள். உயிர்வாயு குறையக் குறைய உள்ளே இருப்பவை தாமாகவே மேலே ஏறி வாளியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சிறு நண்டு, இறால் போன்ற சிற்றுயிரான ஆம்ஃபிபாட், புழு, நொறுங்கு நட்சத்திரம் என்று வரிசையாக வருவதை மென்மையான தூரிகையால் எடுத்துத் தட்டில் விடலாம். அதன்பின் துண்டைத் தொட்டிக்குள் வைத்துத் தூரிகையால் தேய்த்து, அந்த நீரை மேலே 2 மி.மீ., கீழே 0.5 மி.மீ. என்று அடுக்கிய சல்லடைகளில் ஊற்ற வேண்டும். கீழ்ச் சல்லடையில் தங்கும் மண்ணை வீசிவிட நினைக்காதீர்கள். மேலே சொன்ன நியூ கலிடோனியக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இனங்கள் முழு வளர்ச்சியிலும் 4 மி.மீ. அளவைச் சுற்றியோ அதற்குக் கீழோ இருந்தவை. மணல்மணி என்று நினைப்பது சங்காக இருக்கலாம். அதைச் சிறு தட்டில் கடல்நீரோடு பரப்பி, உருப்பெருக்கியின் கீழ் அசைவைத் தேடுங்கள்.

கடைசியில் சுத்தியும் உளியும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, சிறு சிறு சில்லாகப் பிளக்க வேண்டும். கல்லுக்குள்ளேயே துளையிட்டு வாழ்கிறவை இப்போதுதான் வெளியே வரும்: வேர்க்கடலை வடிவச் சிப்பன்குலா புழு, பேரீச்சங்கொட்டை போன்ற துளையிடும் சிப்பி, உளிபோன்ற தாடையுள்ள யூனிசிட் புழு. ஓங்கி அடித்தால் புழு மூன்று துண்டாகிவிடும். தலையில்லாத துண்டுக்கு யாராலும் பெயர் சொல்ல முடியாது. துளையின் போக்கைப் பார்த்து, அதன் ஓரமாகத் தட்டுவதற்குக் கை பழக வேண்டும்.

ஓர் உயிரின் மேல் இன்னோர் உயிர்

உயிருள்ள போசிலோபோராவை உடைக்கவே வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் கிளைகளுக்குள் பாருங்கள். பெரும்பாலும் டிரபீசியா நண்டுகள் ஜோடியாக இருக்கும். முள்முடி நட்சத்திரம் பவளத்தைத் தின்ன ஏறினால் இந்த நண்டுகளும் கூடவே வாழும் சொடுக்கு இறாலும் அதன் குழாய்க்கால்களைக் கிள்ளி விரட்டும். கடல் அட்டையைச் சில விநாடிகள் மட்டும் மெல்லத் திருப்பி வாயோரத்தையும் வயிற்றுப் பக்கத்தையும் பார்த்தால், அதே நிறத்தில் செதில் புழுவோ புள்ளி போட்ட லிசோகார்சினஸ் நண்டோ இருக்கும். அழுத்தினால் அட்டை குடலைக் கக்கிவிடும், அதனால் நீருக்கு வெளியே எடுக்காதீர்கள். இறகு நட்சத்திரத்தின் கரங்களுக்கு நடுவே அதே கோடுகளோடு குந்து இறால் உட்கார்ந்திருக்கும். பவளக் கூட்டின் மேல் பிறை வடிவப் பள்ளம் தெரிந்தால் அது பவளப்புடை நண்டின் வீடு. கிறிஸ்துமஸ் மரப் புழுவைப் பார்க்கும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்குங்கள்.

கடற்பஞ்சுக்குள் இருப்பதைப் பார்க்கப் பஞ்சைக் கிழிப்பதைத் தவிர வழி இல்லை. ஆகவே, சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் துண்டை அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். கரீபியக் கடலின் ஒரு கடற்பஞ்சுக்குள்தான், ஒரே ராணியும் நூற்றுக்கணக்கான உறுப்பினர்களும் கொண்ட சினால்ஃபியஸ் ரெகாலிஸ் இறாலின் கூட்டுக் குடும்பத்தை எம்மெட் டஃபி கண்டு 1996-ல் வெளியிட்டார். தேனீக்களைப் போன்ற அந்தச் சமூக வாழ்க்கை கடல் விலங்கு ஒன்றில் அறியப்பட்டது அதுவே முதல் முறை.

ஆக்டோபஸின் வளை வாசலில் குவிந்துகிடக்கும் ஓடுகளையும் விடாதீர்கள். நாம் எட்ட முடியாத பொந்துகளில் அது வேட்டையாடிக் கொண்டுவந்தவை அவை. என்ன நண்டு அக்கம்பக்கத்தில் இருக்கிறது என்று கூலியில்லாமல் சொல்லிவிடும். ஆனால் குறிப்பேட்டில் "ஓடு மட்டும்" என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். துறவி நண்டு சுமந்து வரும் சங்கும் அப்படித்தான். அந்தச் சங்கின் உண்மையான சொந்தக்காரர் இன்னும் ஆழமான நீரில் வாழ்ந்தவராக இருக்கலாம். உயிரோடு கண்டதையும் ஓடாகக் கண்டதையும் ஒரே எண்ணில் சேர்த்த பட்டியலை நான் பயன்படுத்துவதில்லை.

மணலும் இரவும்

மணலுக்கு விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. வளையின் வாயில் உறிஞ்சு குழாயை வைத்து இழுத்து, வந்த மணலை 1 மி.மீ. சல்லடையில் அலசினால் பேய் இறால் வரும். ஒவ்வொரு வளைக்கும் எத்தனை இழுப்பு என்பதை எல்லா இடத்திலும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் பார்த்த அதே 25 மீட்டரை இருட்டியபின் மறுபடி பாருங்கள். வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். டார்ச்சைக் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் இறால்களின் கண்கள் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். சோவி தன் போர்வையை விரித்து ஓட்டையே மூடியிருக்கும். இறகு நட்சத்திரங்கள் மேட்டில் ஏறிக் கரங்களை விரிக்கும். கூம்புச் சங்குகளும் இப்போதுதான் வேட்டைக்குக் கிளம்பும், கால் வைக்கும் இடம் கவனம். புனல் வாய் வைத்த போத்தலுக்குள் விளக்கைக் கட்டி ஒரு மணி நேரம் நீரில் தொங்கவிட்டால் மைசிட், ஆஸ்ட்ரகாட் போன்ற சிறு ஓட்டுடலிகள், நண்டுக் குஞ்சு எல்லாம் வந்து சேரும். நிலா வெளிச்சமில்லாத இரவில் இது நன்றாக வேலை செய்யும்.

எதையும் உடைக்காமல் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட வேண்டுமென்றால் ஆர்ம்ஸ் என்ற செயற்கைக் கூடு இருக்கிறது. சுமார் 23 செ.மீ. சதுரமான ஒன்பது பி.வி.சி. தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கித் தரையில் பொருத்தி, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை விட்டுவைப்பார்கள். எடுக்கும்போது நுண்வலை போட்ட பெட்டியால் மூடி, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இரு பக்கமும் படமெடுத்து, அளவுவாரியாகச் சலித்து, ஒட்டியிருப்பதைச் சுரண்டி மரபணுவைப் படிப்பார்கள். எல்லாத் தீவிலும் ஒரே கூடு என்பதுதான் இதன் பலம். ஆனால் கூடு பவளம் அல்ல, அதில் துளையிட்டு வாழ்கிறவை குடியேறா. அதோடு, மரபணு வரிசை கிடைத்தாலும் அதற்குரிய பெயர் தரவுத் தளத்தில் இல்லாமல் போவது சகஜம். கண்ணால் பார்த்து, படமெடுத்து, மாதிரி வைத்தவருடைய வேலை அங்கேதான் தேவைப்படுகிறது.

படம், குப்பி, சீட்டு

நிறம் எத்தனாலில் ஓரிரு நாளில் போய்விடும். ஆகவே, படம் உயிரோடு இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும். கறுப்புத் தட்டில் வடிகட்டிய கடல்நீர், பக்கத்திலிருந்து வெளிச்சம், ஓரத்தில் அளவுகோல். நண்டுக்கு முதுகு, வயிறு, முகம், இரண்டு கவ்வுகாலும் தனித்தனியாக. நொறுங்கு நட்சத்திரத்துக்கு நடுத்தட்டின் மேலும் கீழும். ஓடற்ற நத்தை கொம்புகளை முழுதாக நீட்டும்வரை காத்திருங்கள்.

உயிருள்ள நண்டை நேராக எத்தனாலில் போட்டால் கால்களை உதிர்த்துவிடும். முதலில் குளிரூட்டுங்கள். நத்தை, புழு, நொறுங்கு நட்சத்திரம் போன்றவற்றுக்கு, ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 75 கிராம் நீரேறிய மெக்னீசியம் குளோரைடு கரைத்து, அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்து மயக்கலாம். தொட்டால் சுருங்காத நிலை வந்தபின்தான் பாதுகாக்கும் திரவம். மரபணுவுக்கு 95 விழுக்காடு எத்தனால் ஊற்றி மறுநாள் மாற்ற வேண்டும், உடலிலிருந்து ஊறும் நீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். கடல் அட்டையையும் நட்சத்திர மீனையும் சாதாரண ஃபார்மலினில் விட்டுவைக்காதீர்கள். அதன் அமிலத்தன்மை, இனங்காண உதவும் நுண்ணெலும்புகளைக் கரைத்துவிடும்.

சீட்டு குப்பிக்கு உள்ளே இருக்க வேண்டும், பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். பந்துமுனைப் பேனா மை எத்தனாலில் கரைந்து, குப்பி நீலமாகி, விலங்கு அநாதையாகிவிடும். இடம், தேதி, ஆழம், ஒளிவிடத்தின் வகை, எடுத்தவர், படத்தின் எண். படத்துக்கும் குப்பிக்கும் குறிப்பேட்டுக்கும் ஒரே எண். ஓரினத்தில் தேவைக்கு மேல் எடுக்க வேண்டாம். முன்பே எடுத்துவிட்ட இனம் என்றால் படத்தோடு விட்டுவிடுங்கள்.

கணக்கு

ஒவ்வொரு ஒளிவிடத்துக்கும் எத்தனை பேர், எத்தனை நிமிடம், எத்தனை கல், எத்தனை லிட்டர் சல்லி என்பதை எழுதாத பட்டியலை வேறெதனோடும் ஒப்பிட முடியாது. எதுவும் கிடைக்காத கல்லையும் பூஜ்யம் என்று எழுதுங்கள். வெற்றுக் கற்களை விட்டுவிட்டால் சராசரி பொய் சொல்லும்.

இன்னும் எத்தனை இனங்கள் கண்ணில் படாமல் இருக்கலாம் என்பதற்கு புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984-ல் தந்த எளிய வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு முறை கிடைத்த இனங்களின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டு முறை கிடைத்த இனங்களின் எண்ணின் இரு மடங்கால் வகுத்து, கண்ட மொத்தத்தோடு கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 62 இனங்கள் கண்டீர்கள். அவற்றில் 24 இனங்கள் ஒற்றை, 8 இனங்கள் இரட்டை என்றால் 24-ஐ 24-ஆல் பெருக்க 576, அதை 16-ஆல் வகுக்க 36, ஆக மதிப்பீடு 98. இது குறைந்தபட்ச மதிப்பீடு, உண்மை அதற்கும் மேலே இருக்கலாம். ஒளிவிடம் ஒவ்வொன்றுக்கும் இதைத் தனியாகப் போட்டுப் பார்த்தால் அடுத்த வற்றத்தில் எங்கே நேரம் செலவிடுவது என்பது தெரிந்துவிடும். கல்லடிப் பட்டியலில் ஒற்றைகள் குறைந்து, சல்லிப் பட்டியலில் ஒற்றைகளே நிறைந்திருந்தால் கல்லை விட்டுவிட்டுச் சல்லிக்குப் போங்கள்.

பெயர் தெரியாததற்குப் பெயர் சூட்ட அவசரம் வேண்டாம். சொடுக்கு இறால் ஒன்றை "ஆல்ஃபியஸ், வகை 3" என்று எண்ணோடும் படத்தோடும் வைத்தால் பிறகு திருத்த முடியும். தவறான இனப்பெயரைத் திருத்த யாருக்கும் தோன்றாது. பெயர் கிடைத்தபின் உலகக் கடல்வாழ் இனங்களின் பதிவேட்டில், இப்போது செல்லுபடியாகும் பெயர் அதுதானா என்று சரிபார்த்து, மாதிரியைப் பராமரிக்கும் அருங்காட்சியகம் ஒன்றில் சேர்த்து, அங்கே தரும் பதிவெண்ணை உங்கள் பட்டியலில் ஏற்றுங்கள்.

முடிந்தால் பத்துக் கற்களில் ஒன்றை, அது இறக்கி வைக்கப்படும் முன், முதலாமவரின் குறிப்பைப் பார்க்காத இன்னொருவர் பார்க்கட்டும். அவர் கண்டதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், முதலாமவருடைய எண்ணோடு கலக்காதீர்கள். இருவரும் கண்டவை எத்தனை, ஒருவர் மட்டும் கண்டவை எத்தனை என்பதிலிருந்து உங்கள் குழுவின் கண்ணுக்குத் தப்புவது எவ்வளவு என்று கணக்கிடலாம். அந்த விகிதத்தை அறிக்கையில் பட்டியலுக்கு மேலேயே அச்சிட்டுவிடுங்கள்.